பட்டறைக்கு இண்டர்ன் எடுக்கப்போறீங்களா, கொஞ்சம் பொறுங்க

மே மாசம் பொறந்தா எங்க காரைக்குடி பக்கம் ரெண்டு கூட்டம் வந்து இறங்கும், ஒண்ணு வெளியூர்லயும் வெளிநாட்டுலயும் இருக்க ஆளுக பூட்டிக் கிடக்குற வீட்டைத் திறந்து பாக்க வர்றது, இன்னொண்ணு காலேஜ் பிள்ளைக. நோட்டு, பென்சில், கேமரா, தோள்ல ஒரு ஜோல்னாப்பை. "அண்ணா, ஆத்தங்குடி டைல்ஸ் பத்தி கத்துக்கணும், ஒரு மாசம் இண்டர்ன்ஷிப், சம்பளம் எதுவும் வேணாம், சர்டிபிகேட் மட்டும் போதும்." எட்டு வருஷமா இந்த வசனத்தை நான் கேக்குறேன். முதல் அஞ்சு வருஷம் கேட்ட உடனே சரின்னு சொன்னேன். இப்ப சொல்றதில்ல. ஏன்னு தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமா போகும், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

என் பட்டறை சின்னது. என்னையும் சேத்து எட்டு பேரு. சென்னைல ஒம்பது வருஷம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டு ஊருக்கு வந்து மாமனார் நடத்திட்டு இருந்த பட்டறையை எடுத்துக்கிட்டவன் நான், அதனால தொழில் எனக்கே முழுசாத் தெரியாது, எங்க பட்டறைல இருபத்தி ரெண்டு வருஷமா கல்லு (டைல்ஸை நாங்க அப்படித்தான் சொல்லுவோம்) போடுற அக்கா ஒருத்தவங்க தான் எனக்கும் வாத்தியார், வர்ற பிள்ளைகளுக்கும் வாத்தியார்.

தெரியாதவங்களுக்காக வேலை எப்படின்னு சொல்லிடுறேன், பின்னாடி தேவைப்படும். ஒரு கண்ணாடித் தகடு, அதைத் தூசி இல்லாம துடைச்சு, மேல இரும்பு ஃப்ரேம் வச்சு, அதுக்குள்ள டிசைன் அச்சை இறக்கி, அச்சுல இருக்க ஒவ்வொரு அறைக்குள்ளயும் ஒவ்வொரு கலர் சிமெண்டை கரண்டியால ஊத்தணும். அச்சை மெதுவா தூக்கணும், கை நடுங்குனா மஞ்சள் போய் பச்சைல கலந்துரும். மேல சலிச்ச மணலும் சிமெண்டும் உலர்வா தூவி, அதுக்கு மேல ஈரக் கலவை, கரணையால ஒரு இழுப்பு. மறுநாள் கண்ணாடியோடயே தண்ணித் தொட்டில இறக்குறோம், ஊறி எடுத்தப்புறம் கண்ணாடி கல்லை விட்டுப் பிரியும். மெஷின் பாலிஷ் எதுவும் கிடையாது, கல்லோட பளபளப்பு அந்தக் கண்ணாடி குடுத்தது தான். அந்தக் கண்ணாடி தான் எனக்கு வினையாவும் வந்தது.

2023 மே. ஆர்க்கிடெக்சர் ரெண்டாம் வருஷம் படிக்கிற பையன், 19 வயசு, நல்ல பையன், காலைல ஏழு மணிக்கே வந்து நிப்பான். பேரு வேணாம், தம்பின்னே சொல்றேன். முதல் வாரம் பூரா பாத்தான், வரைஞ்சான். ரெண்டாவது வாரம் அக்கா அவன் கைல கரண்டியைக் குடுத்தாங்க. மூணாவது வாரம் அவன் தினம் நாப்பது கல்லு போட்டான். எனக்கு சந்தோஷம், ஏன்னா அந்த மாசம் ஒரு ஆளு லீவு, பாண்டிச்சேரில ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு ஆர்டர் நெருக்குது, இவன் கை ஒரு கைக்கு சமமா ஓடுது. இந்த வரியை ஞாபகம் வச்சுக்கங்க.

ஒரு வியாழக்கிழமை தொட்டிலேர்ந்து எடுத்த கல்லுல கண்ணாடி ஒரு ஓரம் ஒட்டிக்கிட்டு வரல. அக்காவா இருந்தா இன்னொரு மணி நேரம் ஊறட்டும்னு திரும்பத் தண்ணில விட்டுருப்பாங்க. இவன் உருவிப் பாத்தான். கண்ணாடி மூலை சில்லு விட்டு, கட்டை விரலுக்குக் கீழ உள்ளங்கைல இறங்கிருச்சு. ரத்தம் பாத்து நான் பயப்படல, விரலை மடக்குடான்னு அக்கா சொன்னப்ப கட்டை விரல் மடங்கல பாருங்க, அப்பதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. சேலைத் தலைப்பைக் கிழிச்சு கட்டி, வண்டில ஏத்தி, காரைக்குடில ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிஷத்துல போய்ச் சேந்தோம். தசைநாண் அறுந்துருக்கு, ஆபரேஷன். பில்லு 46 ஆயிரம் சொச்சம். அவங்க அம்மா ராத்திரி பஸ்ஸுல வந்து காலைல அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரி வராண்டால நின்னாங்க, என்னைத் திட்டல, "சாப்பிட்டீகளா தம்பி"ன்னு கேட்டாங்க. திட்டிருந்தா தேவலை.

காசு நான் கட்டிட்டேன், அது பிரச்சனை இல்ல. கட்டிட்டு இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கு போன் போட்டேன். வருஷா வருஷம் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுத்துட்டு தான் இருக்கேன், எங்க பக்கம் இன்னும் பழைய பேர்ல டபிள்யூ.சி. பாலிசின்னு தான் சொல்லுவோம். அவரு கேட்டது:

"அண்ணே, அந்தப் பையன் மஸ்டர் ரோல்ல, அதான் ஆளுக வருகைப் பதிவேட்டுல, இருக்காரா?"

"இல்லைங்க, இண்டர்ன்."

"சம்பளம்?"

"கிடையாது. மத்தியானச் சாப்பாடு மட்டும்."

"நீங்க பாலிசி எடுக்கும்போது ஏழு பேரு, இவ்வளவு சம்பளம்னு எழுதிக் குடுத்தீங்க, அதுக்குத்தான் பிரீமியம் போட்டோம். எட்டாவது ஆளு பாலிசிலயே இல்லைண்ணே."

சரி, வெளியாளுக்கு ஏதாவது ஆச்சுன்னா குடுக்குற பப்ளிக் லயபிலிட்டி பாலிசி இருந்தா வருமான்னு கேட்டேன் (என்கிட்ட அது இல்ல, சும்மா கேட்டேன்). "பாக்க வந்த ஆளு வழுக்கி விழுந்தா அது பேசும், உங்க தொட்டில இறங்கி கல்லு எடுத்தவரை வெளியாளுன்னு எப்படிண்ணே எழுதுறது"ன்னாரு. ஆளாவும் இல்ல, வெளியாளாவும் இல்ல. திரிசங்கு சொர்க்கம்னு கேள்விப்பட்டுருக்கேன், அன்னைக்கு நேர்ல பாத்தேன்.

காலேஜ்ல கேட்டா அவங்க ஒரு பாரத்தை எடுத்துக் காமிச்சாங்க, அதுல பயிற்சி நடக்கும்போது ஏற்படுற எந்த விபத்துக்கும் கல்லூரி பொறுப்பு இல்லைன்னு போட்டு கீழ நான் கையெழுத்து போட்டுருக்கேன். வாசிக்காம போட்ட கையெழுத்து. இன்னொரு லெட்டரும் இருந்துச்சு, என் சொந்தப் பொறுப்புல வர்றேன், முதலாளி மேல எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன்னு பையன் எனக்கு எழுதிக் குடுத்தது. அதை நான் பெட்டகத்துல பத்திரமா வச்சுருந்தேன், அதான் என் கவசம்னு நெனைச்சுக்கிட்டு.

அந்தக் கவசத்தை உடைச்சவரு எங்க தெருவுல இருக்க ஒரு ஐயா. லேபர் டிபார்ட்மெண்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, சாயங்காலம் ஊரணிக் கரைல நடப்பாரு. லெட்டரைக் காமிச்சேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படிச்சிட்டு, மடிச்சு என் சட்டைப் பைலயே திருப்பி வச்சாரு. "1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துல 17-வது பிரிவு ஒண்ணு இருக்கு தம்பி. இழப்பீட்டு உரிமையை விட்டுக்குடுக்குறேன்னு தொழிலாளி எழுதிக்குடுத்தா அந்த எழுத்து செல்லாது. செல்லாதுன்னா செல்லாது தான், நூறு ரூபா பத்திரத்துல எழுதுனாலும்."

"அவன் தொழிலாளி இல்லையேங்கய்யா, படிக்கிற பையன்."

அவரு நடந்துக்கிட்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. "அந்தப் பையன் போட்ட கல்லை என்ன செஞ்சீக, உடைச்சுப் போட்டீகளா, வித்தீகளா?"

வித்தேன். பாண்டிச்சேரிக்கு லாரில போயிருச்சு. தினம் நாப்பது கல்லு, பத்து நாளு.

"அப்ப நீங்க அவனை என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டா என்ன, ஆபீசர் அந்த லாரி பில்லைத்தான் கேப்பாரு"ன்னாரு. அதுக்கு மேல அவரு அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. ஆனா எனக்குத் தூக்கம் போச்சு. ஒரு மாசம் நானே உக்காந்து படிச்சேன், அவருகிட்டயும் போய்ப் போய்க் கேட்டேன். நான் வக்கீல் இல்ல, உங்க விஷயத்துக்கு உங்க வக்கீலைப் பாருங்க, ஆனா நம்ம மாதிரி சின்னப் பட்டறை, சின்ன ஹோட்டல் நடத்துறவங்களுக்கு புரிஞ்சிருக்க வேண்டியதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன்.

முதல்ல, சம்பளம் குடுக்கலைன்னா சட்டம் தொடாதுங்குறது நம்மளா கட்டிவச்ச நம்பிக்கை. 1948 ஃபேக்டரி சட்டத்துல தொழிலாளின்னா யாருன்னு சொல்ற இடத்துல ஊதியம் இருந்தாலும் இல்லாட்டியும்னு எழுதிருந்துச்சு. அந்தச் சட்டம் கரண்டு இருக்க இடத்துல பத்து பேரு, கரண்டு இல்லாத இடத்துல இருபது பேருன்னு கணக்கு வச்சுருந்துச்சு. எனக்கு எட்டு பேரு, அதனால தப்பிச்சேன், ஆனா மிக்சர் மெஷின் ஓட்டுற எட்டு ஆளு பட்டறைல மே மாசம் ரெண்டு இண்டர்ன் சேந்தா தலை எண்ணிக்கை பத்தைத் தொட்டுருக்கும். இப்ப 2025 நவம்பர் 21-லேர்ந்து நாலு லேபர் கோட் வந்து பழைய சட்டங்களையெல்லாம் உள்ள இழுத்துக்கிச்சு, ஃபேக்டரிக்கான கணக்கு கரண்டோட இருபது, கரண்டு இல்லாம நாப்பதுன்னு ஏறிருச்சு, பழைய வார்த்தையும் புதுக் கோட்ல அப்படியே இல்ல. அதைச் சொல்லி ஒரு நண்பர் "அப்ப நமக்கு நிம்மதி"ன்னாரு. என்ன நிம்மதி? பத்து பேரு இருக்க இடம்னா வேலைக்கு வைக்கிற ஒவ்வொருத்தருக்கும் நியமனக் கடிதம் குடுக்கணும்னு அதே கோட் சொல்லுது. ஃபேக்டரி இல்லைன்னு ஆனாலும் கை வெட்டுப்பட்ட பையன் உங்க கவனக்குறைவுன்னு சிவில் கோர்ட்டுக்குப் போறதை யாரும் தடுக்க முடியாது.

இழப்பீட்டு கணக்கு தான் என்னை ரொம்ப உலுக்குச்சு. எங்களுக்கு விபத்து நடந்தப்ப இருந்த 1923 சட்டத்தையே வச்சுச் சொல்றேன். சாவுன்னா மாசச் சம்பளத்துல பாதி, நிரந்தர முழு ஊனம்னா 60 சதவீதம், அதை வயசுக்கு ஏத்த ஒரு எண்ணால பெருக்கணும், அட்டவணைல இருக்கு. 20 வயசுக்கு 224. வயசு கூடக் கூட அந்த எண்ணு குறையும், அதாவது சின்னப் பிள்ளைக்கு அடிபட்டா பெரியவரை விட அதிகம் குடுக்கணும், நியாயம் தானே, அவன் இன்னும் எவ்வளவு காலம் உழைச்சுச் சாப்பிடணும். சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000. அந்தச் சம்பளத்துக்கு இருபது வயசு ஆளுக்கு முழு ஊனம்னா 9,000-த்தை 224-ஆல பெருக்குங்க, 20 லட்சத்து 16 ஆயிரம். கட்டை விரல் போனா அதுல 30 சதவீதம், ஆறு லட்சத்துக்கு மேல. ஒரு கட்டை விரலுக்கு. என் பட்டறைல அது மடங்காம நின்னதை நான் பாத்தேன். ஆஸ்பத்திரிச் செலவு இதுல சேராது, அது தனியா, ஆன செலவை முதலாளி குடுக்கணும். ஒரு மாசத்துக்கு மேல இழுத்தடிச்சா 12 சதவீதம் வட்டி, போதாததுக்கு பாதி வரைக்கும் அபராதமும் போடலாம். சம்பளமே இல்லாத ஆளுக்கு என்ன கணக்குன்னா, சாவுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம், முழு ஊனத்துக்கு 1 லட்சத்து 40 ஆயிரம்னு ஒரு அடிமட்டம் அந்தச் சட்டத்துலயே உண்டு. ஆனா வக்கீல் அதோட விடுவாருன்னு நெனைக்காதீங்க, அந்த வேலைக்கு குறைஞ்சபட்ச ஊதியம் எவ்வளவோ அதை வச்சுத்தான் வாதாடுவாரு.

எங்க தம்பி கேஸ் போடல. மூணு மாசம் பிசியோதெரபி, இப்ப கட்டை விரல் முக்கால்வாசி மடங்குது. பென்சில் பிடிக்கிறான். அதுல தான் எனக்கு உசுரு வந்தது.

சட்டப்படி பயிற்சிக்கு ஆளு எடுக்குற வழி இல்லாம இல்ல. 1961 அப்ரண்டிஸ் சட்டம் இருக்கு, நாலு கோட் வந்தும் இது தனியாத்தான் நிக்குது. அந்தச் சட்டத்துல ஒப்பந்தம் போட்டு அரசாங்க அப்ரண்டிஸ் போர்ட்டல்ல பதிஞ்சு எடுத்தா அந்தப் பிள்ளை பயிற்சியாளர் தான், தொழிலாளி இல்லைன்னு 18-வது பிரிவே சொல்லிருது, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பேச்சு வராது. ஆனா 16-வது பிரிவை மறக்கக்கூடாது, பயிற்சில அடிபட்டா தொழிலாளிக்கு குடுக்குற மாதிரியே முதலாளி இழப்பீடு குடுக்கணும். பாருங்க, வேலைக்காரன் இல்லைன்னு சொல்ற அதே சட்டம் அடிபட்டா மட்டும் வேலைக்காரனுக்குக் குடுக்குறதைக் குடுன்னு சொல்லுது. ஸ்டைபண்ட் கட்டாயம், 2019 விதிப்படி படிப்பைப் பொறுத்து 5,000-லேர்ந்து 9,000, அரசாங்கம் தேசிய அப்ரண்டிஸ் திட்டத்துல அதுல கால்வாசியை, அதிகபட்சம் 1,500, அந்தப் பிள்ளை அக்கவுண்ட்லயே நேரா போடும். நாலு ஆளு இருந்தாலே எடுக்கலாம், முப்பதோ அதுக்கு மேலயோ இருந்தா எடுத்தே ஆகணும். ஆனா ஒரு மாசம் வர்ற காலேஜ் பிள்ளைக்கு இது பொருந்தாது, ஆறு மாசம் ஒரு வருஷம்னு வர்ற உள்ளூர்ப் பிள்ளைக்குப் பொருந்தும். போர்ட்டல்ல பதியுறது ஒரு தலைவலி, பொய் சொல்லல, மூணு தடவை ஓ.டி.பி. வந்து மூணு தடவை காலாவதியாச்சு. ஆனா ஒரு தடவை பண்ணிட்டா பண்ணது தான்.

கானாடுகாத்தான் பக்கம் பழைய பங்களாவை ஹோட்டலா நடத்துற ஒரு சிநேகிதன்கிட்ட இதெல்லாம் சொன்னேன். அவன்கிட்ட ஒரு சீசனுக்கு ஆறேழு ஹோட்டல் மேனேஜ்மெண்ட் பிள்ளைக, நாலு மாசம், சம்பளம் கிடையாது, இலை போடுறது, ரூம் கூட்டுறது, கிச்சன்ல வெங்காயம் உரிக்கிறது, எல்லாம் ட்ரெயினிங்ங்குற பேர்ல. "மாப்ள, எங்கிட்ட என்ன கண்ணாடியா இருக்கு"ன்னான். கொதிக்கிற எண்ணெய் இருக்கே. அதை விடு, செட்டிநாடு ரயில்வே ஸ்டேஷனுக்கு கெஸ்ட்டைக் கூப்பிட உன் ஸ்கூட்டரைக் குடுத்து அனுப்புறியே, விழுந்தா யாரு பாலிசி பேசும்னு கேட்டேன். ஆர்.சி. அவன் பேர்ல. கட்டாயமா எடுக்குற 15 லட்சம் விபத்து காப்பீடு ஓனர் ஓட்டும்போது ஓனருக்குத் தான், ஓசி வாங்கி ஓட்டுற பிள்ளைக்கு இல்ல. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசில பின்னாடி உக்காந்து வர்ற கெஸ்ட்டுக்கும் இல்ல. அவன் முகம் மாறுனது. ஸ்கூட்டர் சாவியை மறுநாள்லேர்ந்து மேனேஜர் மட்டும் தான் தொடணும்னு போட்டுட்டான், பிள்ளைகளுக்கு ஸ்டைபண்ட் பத்தி மட்டும் இன்னும் யோசிக்கிறானாம். யோசிக்கட்டும்.

தங்கி வேலை செய்யுற பொண்ணுங்க இருக்க இடத்துக்கு இன்னொண்ணு. 2013-ல வந்த பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், அதுல ஊழியர்னா ட்ரெயினி, அப்ரண்டிஸ், சம்பளம் வாங்காம தன்னார்வமா வேலை பாக்குறவங்க எல்லாரும் சேத்தி. பத்து பேரு இருந்தா உள்ள ஒரு கமிட்டி வைக்கணும், பத்துக்கு கீழன்னா மாவட்ட அளவுல இருக்க கமிட்டிக்கு புகார் போகும். அந்த விவரத்தை ஒரு தாள்ல எழுதி பிள்ளைக பாக்குற இடத்துல ஒட்டுங்க. எங்க பட்டறைல தண்ணிப் பானைக்கு மேல ஒட்டிருக்கேன், எல்லாரும் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அங்க நிப்பாங்க. 18 வயசு ஆகாத பிள்ளையை மட்டும் எடுக்கவே எடுக்காதீங்க, பிளஸ் டூ லீவுல வந்து கத்துக்கிறேன்னு சொந்தக்காரங்க பையனா இருந்தாலும் சரி, 14-க்கு கீழ தடை, அதுக்கு மேல 18 வரைக்கும் ஆபத்தான வேலைல தடை, சிமெண்டும் கண்ணாடியும் இருக்க இடத்துல நான் வாதாடப் போறதில்ல.

இதுல எனக்கு உறுத்துனது என்னன்னா, நம்ம ஊருக்கு இது புதுசே இல்ல. எங்க மாமனாரோட ஐயா பர்மாவுக்குக் கப்பல் ஏறுனப்ப அவருக்குப் பதினஞ்சு வயசு, ஒரு செட்டியார் கடைல பெட்டியடிப் பையன். கணக்குப் பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்து எழுதப் படிக்க, வட்டி போடக் கத்துக்கிட்டு, அப்புறம் அடுத்தாள், அதுக்கப்புறம் மேலாள்னு ஏறிப் போற படி அது. தொழில் கத்துக்க வந்த பொடியன் தானேன்னு சும்மா வச்சுக்கல. மூணு வருஷக் கணக்கு, இவ்வளவு சம்பளம்னு எழுத்துல பேசித்தான் கப்பல்ல ஏத்துனாங்க, சாப்பாடும் தங்குறதும் கடைல. அந்தச் சம்பளச் சீட்டு இப்பவும் எங்க வீட்டுப் பெட்டகத்துல கிடக்கு, செல்லரிச்சு. அதுக்கு மேல தான் நான் அந்தச் செல்லாத லெட்டரை வச்சுருந்தேன். அந்தக் காலம் எல்லாம் தங்கம்னு சொல்ல வரல, அங்க போய் காய்ச்சல்ல செத்துப் போன பையன்களுக்கு யாரு என்ன குடுத்தாங்கன்னு எந்தச் சீட்டுலயும் இல்ல. ஆனா கத்துக்க வர்றவனுக்குச் சம்பளம் எதுக்குன்னு கேட்டு அவங்க ஆளு சேக்கல.

"பிள்ளைக கத்துக்கிட்டுப் போகுதுக, நம்ம சரக்குல வீணடிக்குதுக, நாம தான் காசு கேக்கணும்"னு என் தொழில்ல இருக்கவங்க சொல்லுவாங்க. முதல் வாரத்துக்கு அது உண்மை. ஒரு பிள்ளை உடைக்கிற கண்ணாடி, கலக்குற கலரு, அக்காவோட நேரம், எல்லாம் செலவு தான். மூணாவது வாரம் அது பொய். அந்தக் கோடு எப்ப தாண்டுதுன்னு நமக்கு நல்லாவே தெரியும், தெரியாத மாதிரி இருப்போம். நானும் இருந்தேன்.

இப்ப நான் என்ன பண்றேன்னா, வருஷத்துக்கு ரெண்டே பேரு. ரெண்டு வாரம் சும்மா பாக்க, வரைய வர்றவங்கன்னா பாக்கத்தான், தொட்டி பக்கம் கால் வைக்கக் கூடாது, அவங்க போட்டுப் பாக்குற கல்லை அவங்களே பைல போட்டு எடுத்துட்டுப் போகணும், ஒரு கல்லு கூட லாரில ஏறாது. அக்காவுக்கு இதுல ரொம்பக் கோவம், "நல்லா போட்ட கல்லு, இத எதுக்கு குடுக்குறீக"ம்பாங்க. குடுத்துத் தான் ஆகணும்கா. ஒரு மாசத்துக்கு மேல இருந்து கையில வேலை கத்துக்கணும்னா பேப்பர் போட்டு மாசச் சம்பளம் குடுத்து எடுக்குறேன், சாதாரண ஆளுக்கு என்னவோ அதுல குறையில்லாம, அவங்க பேரும் சம்பளமும் வந்த அன்னைக்கே ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப்ல போயிரும், பாலிசில ஏத்தி, பேரு சேந்துருச்சுங்குற எண்டார்ஸ்மெண்ட் தாள் கைக்கு வந்தப்புறம் தான் கரண்டி கைக்கு வரும். பாலிசி எடுக்கும்போது மருத்துவச் செலவு உள்ள இருக்கான்னு கேட்டு வாங்குங்க, நிறைய பேருக்கு இது தெரியாது, அது தனி பிரீமியம் கட்டிச் சேக்குற சமாச்சாரம், சேக்கலைன்னா இழப்பீட்டை கம்பெனி குடுக்கும், ஆஸ்பத்திரி பில்லை நீங்க குடுப்பீங்க. எனக்கு கூட ஆன பிரீமியம் எவ்வளவுன்னு சொன்னா சிரிப்பீங்க, ஒரு பெட்டி கல்லு வித்த காசு கூட இல்ல.

பத்து பேரோ அதுக்கு மேலயோ இருந்து ஈ.எஸ்.ஐ.ல இருக்கவங்களுக்குக் கதை வேற. 21,000 வரைக்கும் சம்பளம் வாங்குற ட்ரெயினியையும் அதுல சேக்கணும், முதலாளி பங்கு 3.25 சதவீதம், ஆளு பங்கு 0.75. அங்க அடிபட்டா ஈ.எஸ்.ஐ. பாத்துக்கும், இந்த டபிள்யூ.சி. கணக்கு வராது. அப்ரண்டிஸ் சட்டத்துல எடுத்தவங்க மட்டும் அதுல வர மாட்டாங்க.

அப்புறம் பாக்க வர்ற பிள்ளையா இருந்தாலும் நான் விடாம கேக்குறது ஒண்ணு இருக்கு, பேங்க் அக்கவுண்ட்ல பிரதமர் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு போட்டுருக்கியா? வருஷத்துக்கு 20 ரூபா. 18-லேர்ந்து 70 வயசு வரைக்கும், விபத்துல செத்தா, ரெண்டு கண்ணோ ரெண்டு கையோ போனா 2 லட்சம், ஒரு கையோ ஒரு காலோ மட்டும் போனா 1 லட்சம், ஜூன் 1-லேர்ந்து மே 31 வரைக்கும் ஒரு வருஷம். இது ஆஸ்பத்திரி செலவுக்கு ஒரு பைசா தராது, விரல் மடங்காததுக்கும் தராது, அதையும் சொல்லிடுறேன், இதை எடுத்துட்டா முதலாளி பொறுப்பு தீந்துருச்சுன்னு நெனைச்சுராதீங்க. ஆனா 2024-ல மத்திய அரசு பெரிய கம்பெனிகளுக்குன்னு கொண்டு வந்த பிரதமர் இண்டர்ன்ஷிப் திட்டத்துலயே மாசம் 5,000 ரூபாயோட இந்த சுரக்ஷா பீமாவையும் அரசாங்கமே பிரீமியம் கட்டிச் சேத்துருக்கு. ஏ.சி. ரூம்ல உக்கார்ற இண்டர்னுக்கே அது வேணும்னா, கண்ணாடி உருவுற இண்டர்னுக்கு வேணாமா.

ஒரு லெட்ஜர் நோட்டும் வச்சுருக்கேன். யாரு எப்ப வந்தாங்க, என்ன தொட்டாங்க, யாரு கூட நின்னாங்க, கையுறை போட்டாங்களான்னு தினம் ஒரு வரி. கையுறை தான் பெரிய சண்டை. ரப்பர் கையுறை போட்டா கலரு எவ்வளவு தளதளன்னு இருக்குன்னு கைக்குத் தெரியாதுன்னு அக்கா போடவே மாட்டேன்னுட்டாங்க, இருபத்தி ரெண்டு வருஷமா சிமெண்ட் தின்ன கை அது, ரேகையே கிடையாது, ஆதாருக்கு விரல் வச்சா மெஷின் ஏத்துக்கிறதில்ல. கடைசில ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம், கலர் ஊத்தும்போது வேணாம், தொட்டில கல்லு எடுக்கும்போது வெட்டுப்படாத தடிமன் கையுறை, அக்காவும் போடணும், ஏன்னா அவங்க போடலைன்னா எந்தப் பிள்ளையும் போடாது. முணுமுணுத்துக்கிட்டே போடுறாங்க.

இந்த வருஷம் ரெண்டு பேரு வர்றாங்க. ஒரு பொண்ணு, கோயம்புத்தூர்லேர்ந்து, ரெண்டு வாரம், வரைய மட்டும். இன்னொரு பையன் பக்கத்து ஊரு, டிப்ளமோ முடிச்சவன், ஆறு மாசம் இருக்கேன்னான், அப்ரண்டிஸ்ல பதியப் போறேன், ஓ.டி.பி. ஒழுங்கா வரணும்னு வேண்டிக்கங்க. அவனுக்கு அக்கவுண்ட் இருக்கு, ஆனா சின்ன வயசுல ஸ்காலர்ஷிப்புக்காக அம்மா கூட சேந்து திறந்ததாம், மூணு வருஷமா அதுல ஒரு ரூபா போடல, முடங்கிக் கிடக்கு. ஸ்டைபண்ட் போடவும் வழியில்ல, இருபது ரூபா பிடிக்கவும் வழியில்ல. திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு நானே பேங்குக்கு கூட்டிட்டுப் போறேன், ஆதார், பான் ஜெராக்ஸ் ரெண்டு காப்பி, போட்டோ எல்லாம் கொண்டு வான்னு சொல்லிருக்கேன். அது முடியுற வரைக்கும் அக்கா அவனைக் கரண்டி கழுவக் கூட விடப்போறதில்ல.